பதினொரு ஃபெண்டர்கள்

தேங்காய் எண்ணெயில் நனைத்த துணியால் சுல்பாவின் பெருவிரலை றிஸ்மினா மூன்றாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பசை போகவில்லை. விரல் நுனியிலும் நகத்தின் ஓரத்திலும் அது படர்ந்து காய்ந்திருந்தது.

"இத வச்சிட்டு தொழுகைக்கு ஒழு எடுத்தா சேராது. தண்ணி தோல்ல படோணும். என்னத்த இப்பிடிப் பூசிக்கிட்டீக்கிறாய்?"

கூடப்பிறந்த மூத்தவளான றிஸ்மினா ராத்தா புத்தளம் டவுனிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு இந்த வீட்டின் பின்பக்கம் தெரியாது.

வெளியே, வேலியோடு கட்டிய படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால், ஆண்கள் இறந்துபோன அவளுடைய கணவர் மீராசாஹிபைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. சுல்பா அதைக் கேட்டுக்கொண்டு விரலைக் கொடுத்திருந்தாள். அழுகை வரும் என்று பெண்கள் அவளைச் சுற்றிக் காத்திருந்தார்கள். அவர்களைக் காக்க வைப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

காலையில் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் பின்வளவுக்குப் போனாள். ஏழே முக்கால் இருக்கும். சீமெந்துத் தொட்டிக்குள் ஒரு ஃபெண்டரை அமிழ்த்தி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழி வால்வுக்குக் கீழே, தையல் ஓரத்தில் வந்தது. துடைத்து, சுரண்டி, பசை பூசி, ஒட்டுத் துண்டை அழுத்திப் பிடித்தபடி இருநூறு வரை எண்ணினாள். உள்ளே வந்தபோது தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தார். கூப்பிட்டாரா என்று அவளுக்குத் தெரியாது.

கற்பிட்டியில் டொல்பின் பார்க்க ஆட்களை ஏற்றிப்போகும் படகுகளின் விலாவில் தொங்கும் காற்றடைத்த உருளைகள்தான் ஃபெண்டர்கள். படகு ஜெட்டியில் மோதும்போது நடுவில் நின்று அவை அடி வாங்கும். தையல் விடும், வால்வு இளகும், காற்று இறங்கும். புதிதாக வாங்க முடியாதவர்கள் மீராசாஹிபிடம் கொண்டுவருவார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. முதல் மாதம் ஒட்டுத் துண்டை அவள் பிடித்துக்கொண்டாள். அடுத்த மாதம் பசையையும் அவளே பூசினாள். பிறகு அவர் வாசலில் கதிரையைப் போட்டு, கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, படகுக்காரர்களோடு கதைத்தார். அவள் பின்வளவில் வேலை செய்தாள். இதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை. மகள் ஃபர்ஸானாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளும் கதைக்கவில்லை.

நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு மையத்தை அடக்கத்துக்கு எடுத்தார்கள். சுல்பாவுக்கு வெள்ளை உடுப்புக் கொடுத்து உள்ளறையில் பாய் விரித்து இருத்தினார்கள். வாசலில் திரை போட்டார்கள். இன்றிலிருந்து இத்தா. நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் அவளைப் பார்க்கக் கூடாது, அவள் வெளியே போகக் கூடாது.

டிசம்பர் பிறந்து நாலு நாள். அவள் விரல்களை மடக்கி எண்ணினாள். வெளியே வரும்போது ஏப்ரல் நடுப்பகுதி. கடல் குழம்பி, படகுகளைக் கரையில் ஏற்றிவிடுவார்கள். படகு ஓடும் காலம் முழுவதும் இந்தத் திரைக்குள் போய்விடும்.

கபுறடிக்குப் போனவர்கள் திரும்பினார்கள். செருப்புகள் கழன்றன. கதிரைகள் இழுபட்டன. ஃபர்ஸானா திரை ஓரமாகப் பிளேன்டித் தேத்தண்ணி நீட்டிக்கொண்டிருந்தாள். படகுக்கார ரிஷாதின் குரல் விறாந்தையிலிருந்து கேட்டது.

"மீராசாஹிப் நானாட ஒரே குறை வாய்தான். ரெண்டு ஃபெண்டர் எடுக்க வந்தா ஒரு மணித்தியாலம் கதை. டொல்பின் வந்து காத்திருந்துட்டுப் போயிரும்."

யாரோ சிரித்தார்கள். எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்ததுபோல் சிரிப்பு நின்றது.

"ஆனா ஒட்டினா ஒட்டினதுதான்," என்றான் ரிஷாத். "நீர்கொழும்புல ஒருத்தன் செய்றான். ஒரு மாசம் தாங்காது. நானாட கை அப்பிடி."

"ஒங்கட சாமான் பின்னால ஈக்கி ரிஷாத்." இது நளீம், மீராசாஹிபின் தம்பி. "கையோட எடுத்துட்டுப் போங்க."

"இண்டைக்கு எதுக்கு அதெல்லாம்?"

"இல்ல. அடுத்தவங்க நம்பித் தந்த அமானத்து. மையத்து வீட்டுல கிடந்தா நானாட கழுத்துல பாரம். பள்ளியிலயும் செல்லிட்டன், யார்ட சாமான் இருந்தாலும் வந்து எடுக்கச் செல்லி."

இரண்டு பேர் பின்வளவுக்குப் போனார்கள். கயிறுகள் சீமெந்தில் இழுபடும் சத்தம் வந்தது. ஒன்று, இரண்டு. சுல்பா எண்ணினாள். ரிஷாதுடைய பதினொன்றும் விறாந்தைக்கு வந்தன. நாலுதான் ஒட்டியிருந்தன. மற்ற ஏழையும் இன்னும் சுரண்டவுமில்லை.

நீர்கொழும்புக்குப் போனால் அவை திரும்பி வராது. மற்றப் படகுகளும் அதே வழியில் போகும். ஒட்டியது யாரென்று இப்போது சொல்லலாம். சொன்னால் விறாந்தையில் ஒரு நிமிடம் யாரும் கதைக்கமாட்டார்கள். பிறகு அவர் இரண்டு வருடம் வாசலில் இருந்து கதைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள்.

"ஃபர்ஸானா."

மகள் குனிந்தாள்.

"நளீம் சாச்சாட்ட செல்லு. அது வாப்பா ஒட்டினது. பசை காயோணும். மூணு நாள் கிடக்கட்டும்."

ஃபர்ஸானா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எண்ணெய் மினுங்கிய விரல்களைப் பார்த்தாள். பிறகு திரைக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"சாச்சா, உம்மா செல்றா அது வாப்பா ஒட்டினதாம். மூணு நாள் காய விடோணுமாம்."



"வாப்பாவா?" என்றார் நளீம்.

"ஓம்."

"எப்ப?"

ஃபர்ஸானா திரும்பினாள். "நேத்து," என்றாள் சுல்பா. ஃபர்ஸானா அதைச் சொன்னாள்.

"இதுல எத்தின?"

இந்த முறை ஃபர்ஸானா திரும்பவில்லை. திரையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். கபுறில் மண் போட்டு ஒரு மணித்தியாலம் ஆகியிருக்காது.

"எல்லாம்," என்றாள் சுல்பா. மகள் எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. குரல் விறாந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து அவருக்குக் கஞ்சி பருக்கியது நளீம்தான். கரண்டி பல்லில் இடித்துக்கொண்டே இருந்தது. கோப்பையைத் தானே பிடிப்பதாக அவர் அடம்பிடித்தார். அரைக் கோப்பை மடியில் கொட்டியது. நளீம் தன்னுடைய சாரத்தின் தலைப்பால் அதைத் துடைத்தார். அப்போது சுல்பா பக்கத்தில்தான் நின்றாள்.

விறாந்தையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் இருந்தது. யாரோ பிளேன்டிக் கோப்பையைச் சீமெந்தில் வைத்தார்கள். ஒரு காகம் தொட்டிப் பக்கத்திலிருந்து கத்திவிட்டுப் போனது. நளீம் சிரித்துவிடுவார் என்று நினைத்தாள். கோபப்படுவார் என்றும் நினைத்தாள். இரண்டில் எது வந்தாலும் தனக்கு ஒன்றுதான் என்று தோன்றியது.

"அப்ப காயட்டும்," என்றார் நளீம்.

ரிஷாத் தொண்டையைச் செருமினான். "வியாழக்கிழம எனக்கு ஆள் ஈக்கி நானா. வெள்ளைக்காரங்க."

"வியாழக்கிழம காலையில நான் ஜெட்டிக்குக் கொண்டந்து தாறன். நீங்க இங்க வரத் தேவயில்ல."

"அதுக்குப் பொறகு? நீர்கொழும்புதான் என்ன?"



"வியாழக்கிழம ஜெட்டில கதைப்பம்," என்றார் நளீம்.

சலாம் சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். கேற் மூடியது. றிஸ்மினா குசினியில் யாருடனோ சோறு எத்தனை பேருக்கு என்று கதைத்துக்கொண்டிருந்தாள். விறாந்தையில் ஒரு சோடிக் கால்கள் மட்டும் நடந்தன. நளீமுடையவை. அவர் ஃபெண்டர்களைப் பின்வளவுக்குக் கொண்டுபோகவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, உள்ளறை வாசலில், திரைக்கு மறுபக்கம் வைத்தார். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். ஒன்றும் கதைக்கவில்லை. அடுக்கி முடிந்ததும் பைப்படியில் முகம் கழுவினார். நெடுநேரம் கழுவினார். பிறகு அவருடைய சைக்கிள் போகும் சத்தம் கேட்டது.

திரை உட்பக்கமாகப் புடைத்திருந்தது. சுல்பா பாயில் இருந்தபடியே அதைப் பார்த்தாள். அறைக்குள் தொட்டி இல்லை. ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சவர்க்காரத் தண்ணியும் ஒரு துணியும் போதுமா என்று யோசித்தாள். பிறகு கையை நீட்டி, துணிக்கு மேலாகவே, ஆகக் கீழே இருந்ததைப் பெருவிரலால் அழுத்தினாள். அது காற்றில்லாமல் அமிழ்ந்து, அப்படியே நின்றது.

கையை அடுத்ததற்கு நகர்த்தினாள்.