ஏரிக்கரையில் ஒரு தகர வீடு

...ஏறுவதற்கு என்ன கஷ்டம் இருக்கிறது இந்தக் காட்டுப் பாதையில், ஊர்ஜனங்கள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமையென்றால் நாய்கூட வருகிறது, எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது, கையில் சுத்தியலும் கோணிப்பையும் வேறு. நாத்தனார் உபெர்லிந்தா பின்னாலேயே வருகிறாள், வாய் ஓயவில்லை, வேண்டாம் மதினி, அனிமீத்தாவில் கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது மதினி என்று அடிவாரத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். இனிமேல் எனக்கு என்ன ஆக வேண்டியிருக்கிறது? ஏரியில் மூழ்கியவன் என் மகன். அவன் உயிர் போன கரையில் தகரக் கூரை போட்டு, அவன் ஆவி தங்க அந்தச் சின்ன வீட்டை, அந்த அனிமீத்தாவை வைத்தவள் நான், மெழுகுவத்தி ஏற்ற ஓர் இடம் வேண்டுமே என்று, எல்லோரும் வைப்பதுபோலத்தான் வைத்தேன். இன்றைக்கு அதைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேன், அவ்வளவுதான்.

முதலில் யாரோ ஒரு பிளாஸ்டிக் பூ வைத்தார்கள், போகட்டும் என்றிருந்தேன், பிறகு பொம்மைக் கார், ஒரு குழந்தையின் செருப்பு, கடைசியில் பளிங்குப் பலகை... கேட்டதைக் கொடுத்தாய், நன்றி அமாதோரித்தோ என்று, என் மகன் பெயரைச் செல்லமாக்கிச் செதுக்கி. கொடுத்தானா? இவனா? விறகைப் பிளந்து போடடா என்றால் நாளைக்கு என்பான், அடுப்பு அணைந்து நான் கத்தினால் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடுவான், இவன் ஊராருக்கு வேலை வாங்கித் தருகிறானாம், காய்ச்சலைத் தீர்க்கிறானாம். என் கனவில் ஒரு தடவை தலைகாட்டத் துப்பில்லை. வயிறு எரிகிறது, ஆமாம், பொறாமைதான், செத்த பிள்ளையைப் பங்கு போட யாருக்கு மனசு வரும்?

மரங்கள் விலகி ஏரி தெரிந்தது. எதுவுமே நடக்காததுபோல் நீலமாகக் கிடந்தது, பாவி ஏரி. தகர வீட்டின் முன்னால் ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"நீங்களும் கேக்க வந்தீங்களாம்மா? வாங்க. நம்ம அமாதோரித்தோ யாரையும் வெறுங்கையா அனுப்ப மாட்டான்."

நம்ம அமாதோரித்தோவாம்... உபெர்லிந்தா வாயைத் திறக்கப் போனாள், அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். உனக்கு எப்படியம்மா அவனைத் தெரியும் என்று கேட்டேன். தெரியாது, பார்த்ததுகூட இல்லையாம். மகளுக்கு இதயத்தில் ஓட்டை, ஆபரேஷன் முடிகிறவரைக்கும் வாசலில் நின்று அவன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

"இப்ப அவ படுக்கப் போறப்ப தெனமும், போயிட்டு வர்றேன் அமாதோர் அண்ணான்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுவா."

அவள் ஜெபத்தை முடிக்கட்டும் என்று பின்னால் தள்ளி நின்றேன், என் பிள்ளையிடம் போக நான் வரிசையில் நிற்கிறேன், கொடுமையைப் பாருங்கள்... சரி, கொண்டுபோய் அலமாரி மேல் வைக்கிறேன், அப்புறம்? அங்கே யார் அவனைக் கூப்பிடப்போகிறார்கள்? அவன் பேச்சை எடுத்தாலே அவன் அப்பா சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போய்விடுகிறார். அக்கம்பக்கத்தார் என் எதிரில் அந்தப் பெயரை மென்று விழுங்குகிறார்கள், நல்லெண்ணம்தான், உபெர்லிந்தாகூட நம்ம பையன், நம்ம பையன் என்றுதான் சொல்கிறாள். பார்த்தே இராத ஒரு சின்னப் பெண் தினமும் அவனிடம் சொல்லிக்கொண்டு தூங்கப் போகிறாள். நான் யாரிடமிருந்து எதைப் பிடுங்க வந்தேன்?

அந்தப் பெண் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தாள். "பேரச் சொல்லிக் கேளுங்கம்மா. அப்பத்தான் அவனுக்குக் கேக்கும்."

கோணிப்பையைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டேன். மெழுகு உருகி வழிந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தேன், மகனே என்று வந்தது, டேய் என்று வந்தது, பெயர் மட்டும் வரவில்லை... அவனைப் புதைத்த நாளிலிருந்து நானும்தான் அதைச் சொல்லவில்லை.