மாடியில் நடந்த மறுபார்வை

மருந்துக் குப்பிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் அந்த அச்சகத்தின் மேலாளருக்கு வேலையாட்கள் வைத்திருந்த பெயர் சரிசரி. லீவு கேட்டால் சரிசரி என்பார். அவனுக்கு லீவு கொடுக்காதீர்கள் என்று அடுத்த ஆள் வந்து சொன்னாலும் சரிசரி என்பார். இதனால் அவருக்கு எதிரிகளே கிடையாது. எடுத்த முடிவுகளும் கிடையாது.

இரண்டாவது விஷயம் ஒருவழியாக நிர்வாகத்தின் கண்ணில் பட்டது. ஊழியர்களிடம் பேசக் கஷ்டமான விஷயங்களை எப்படிப் பேசுவது என்று அவருக்குக் கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சியாளரை அமர்த்தினார்கள். குட்டை முடியும் தடித்த நோட்டுமாக வந்த அந்தப் பெண்மணி முதல் மூன்று வாரமும் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான்காவது வாரம் கேள்வி கேட்டார்.

"யார்கிட்டப் பேசறதுதான் உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்?"

சரிசரி யோசிக்கவே இல்லை. "கழுகு."

கழுகு என்பவர் தலைமைப் பிழைபார்ப்பவர். அவரும் சரிசரியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒன்பது வருடம் ஒரே மேசையில் வாடா போடா என்று பிழை பார்த்தவர்கள். எள்ளளவு தப்பையும் கொத்திக்கொண்டு வந்துவிடுவதால் அந்தப் பெயர். ஆனால் ஏழு மாதமாகக் கழுகு பார்த்த தாள்களில் தப்புகள் தங்கிவிட்டன. சரிசரி அதை நண்பரிடம் சொல்லவில்லை. மாடி ஸ்டோர் ரூமில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, புதிதாக ஒரு பெண்ணை உட்கார வைத்தார். கழுகு கையெழுத்துப் போட்ட தாளெல்லாம் அச்சுக்குப் போகுமுன் மாடியேறி, அந்தப் பெண் மறுபடி பார்த்த பிறகு கீழே இறங்கியது. அச்சகத்தில் நாற்பது பேர். முப்பத்தொன்பது பேருக்கு இந்த ஏற்பாடு தெரியும். சரிசரி இதற்கு மனதுக்குள் நட்பு என்று பெயர் வைத்திருந்தார்.

போன வாரம் அந்தப் பெண் காய்ச்சலில் மூன்று நாள் வரவில்லை. குழந்தைகளுக்கான இருமல் மருந்தின் லேபிளில் இரண்டரை மில்லி என்பது, நடுவிலிருந்த புள்ளி காணாமல் போய், இருபத்தைந்து மில்லி என்று அச்சாகிப் போய்விட்டது. மருந்து கம்பெனியில் பெட்டி கட்டும்போது யாரோ கவனித்ததால் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் என்ன என்று இயக்குநர் கேட்ட அறிக்கையில் 'இயந்திரக் கோளாறு' என்று சரிசரி எழுதியிருந்தார். இயந்திரம் மறுத்துப் பேசாது.

"சரி, இப்ப நான்தான் கழுகு. சொல்லுங்க" என்றார் பயிற்சியாளர்.

சரிசரி தொண்டையைச் செருமினார். "இந்த அச்சகத்தோட வளர்ச்சியில உன் பங்கு ரொம்பப் பெருசு. சில இடத்துல மட்டும் இன்னும் கொஞ்சம் மெருகு..."

"அடடா. அப்ப எனக்கு பிரமோஷனா?"

மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் கழுகுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

பயிற்சியாளர் நோட்டை மூடினார். "அவருக்கு ஏன் தப்பு வருது?"

"தெரியலையே மேடம்."

"கேட்டீங்களா?"

சரிசரியின் காதுமடல் சுட்டது. ஏழு மாதத்தில் அந்த ஒரு கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை.

"அவர் மனசு நோகும்னு பயமா, இல்ல அவருக்கு உங்களைப் பிடிக்காமப் போயிடும்னு பயமா?"

சரிசரிக்குப் பதில் தெரிந்திருந்தது.

"முதல் வாக்கியத்துலயே விஷயத்தைச் சொல்லிடுங்க. அப்புறம் வாயை மூடிக்குங்க. ரெண்டாவதுதான் கஷ்டம்."

மறுநாள் காலை கழுகு கூட்ட அறைக்கு வந்தார். "என்னடா, பல்லு பிடுங்கிக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்க?"

"ஏழு மாசமா உன் தாள்ல தப்பு விட்டுப்போகுது. இருமல் மருந்து லேபிளும் நீ பாத்ததுதான். நான் உன்கிட்டச் சொல்லாம மறைச்சேன். ஏன்டா இப்படி ஆகுது?"

வாயை மூடிக்கொண்டார். நாக்கு நுனியில் ஒரு 'பரவாயில்லை' வந்து நின்றது. விழுங்கினார்.

கழுகு மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "வலது கண்ணுல நடுவுல புகை மாதிரி இருக்கு. நேராப் பாத்தா எழுத்து மறைஞ்சிடுது."

"டாக்டர்கிட்டப் போனியா?"

"போகல. இனிமே இந்த வேலை ஆகாதுன்னு சொல்லிட்டா என்ன பண்றது? உன்கிட்டயாவது சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ மாடியில ஒரு பொண்ணை உக்கார வெச்சுட்ட."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கையெழுத்துப் போட்ட தாள் தினமும் மாடிக்குப் போய்ட்டு வருது. அட்டைப்பெட்டியைப் பாத்துட்டு வரவா போகுது? கண்ணுதான்டா மங்கிடுச்சு, மூளை இருக்கு." கழுகின் குரல் இறங்கியது. "நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல. சரி, நான் விட்டாலும் மேல அந்தப் பொண்ணு பிடிச்சிடுவான்னு நானும் கையெழுத்துப் போட்டுக்கிட்டே இருந்தேன். அவ லீவுன்னு யாரும் எங்கிட்டச் சொல்லல. எப்படிச் சொல்லுவாங்க? அப்படி ஒருத்தி இருக்கறதே எனக்குத் தெரியாதுன்னுதானே எல்லாருக்கும் நினைப்பு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"குழந்தைக்குக் குடுக்கறதுடா" என்றார் கழுகு. பிறகு, "அறிக்கையில என்ன எழுதின?"

"மிஷின் கோளாறுன்னு."

"அதான் மிஷின்காரனுக்கு மெமோ வந்திருக்கா? நேத்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமயே உக்காந்திருந்தான்."

மெமோ போனது சரிசரிக்குத் தெரியும். அதில் கையெழுத்து அவருடையது. இயந்திரத்துக்கு ஓர் ஆள் இருப்பதை அன்று மறந்துவிட்டிருந்தார், அல்லது மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் இன்னைக்கே கண்ணைக் காட்டிட்டு வரேன். அதுவரைக்கும் எந்தத் தாளும் எங்கிட்ட வரவேண்டாம்" என்று கழுகு எழுந்தார். "நீ என்ன பண்ணப் போற?"

சரிசரி அறிக்கையைத் திரும்ப எழுதினார். நான்கு வரிதான். எழுத ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அதை இயக்குநரின் மேசையில் வைத்துவிட்டு, மதிய ஷிப்ட் தொடங்குமுன் இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டார். மிஷின்காரர் முன்வரிசையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். மாடிப் பெண்ணும் இறங்கி வந்திருந்தாள். கழுகு வாசலோரம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் பையோடு.

"அந்த லேபிள் தப்புக்கு மிஷின் காரணமில்ல" என்றார் சரிசரி தன் சட்டைப் பொத்தானிடம். "மெமோ குடுத்தது தப்பு. மறைச்சு வெச்சது நான்."

மிஷின்காரர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க சார்" என்றார் கழுகு வாசலிலிருந்து. "பின்னாடி கேக்கல."

கழுகு அவரை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சரிசரி தலையை நிமிர்த்தி, மிஷின்காரரின் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து சொன்னார்.