மெசினின் இடக்கை

பருத்தி நன்றாக வெடித்துக் கிடந்தது. ஆனால் அதை எடுத்துக்கொண்டிருந்த பன்னிரண்டு பெண்களில் ஒருத்திகூட நிமிர்ந்து நிற்கவில்லை. வரிசைக்கு ஒருத்தியாகக் குந்தி, இடக்கையால் கொப்பைத் தூக்கி, வலக்கையால் பஞ்சை இழுத்து மடிக்குள் போட்டு, குந்தியபடியே அடுத்த செடிக்கு நகர்ந்தார்கள். காய்ந்த கோது குத்திக் குத்தி அவர்களுடைய விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

வேறு ஊர்களில் பருத்தி நெஞ்சளவுக்கு வளரும், நின்றுகொண்டே எடுக்கலாம். இந்தத் தோட்டமோ தம்பலகாமத்துக்கும் கந்தளாய்க்கும் நடுவில், வீதியோரமாக, ஒரு சென்றிக் காவலரணுக்கு முன்னால் இருந்தது. சென்றியில் நிற்கிற ஆமிக்காரனின் பார்வை காட்டோரம் வரை தடையில்லாமல் போகவேண்டும் என்பது ஆமிக் காம்பின் கட்டளை. முழங்காலுக்கு மேலே எது வளர்ந்தாலும் வெட்டித்தான் ஆகவேண்டும். பருத்திக்குச் சண்டையைப் பற்றி என்ன தெரியும்? அது தன்பாட்டில் வளரப் பார்க்கும். பெண்கள் போய்த் தலையைக் கிள்ளிவிடுவார்கள். தலை போன செடி பக்கவாட்டில் பரந்து, கொப்புகளை மண்ணில் போட்டுப் படுத்துக்கொண்டு, அங்கேயே காய்த்து அங்கேயே வெடிக்கும்.

பரீதா அந்தக் கூட்டத்தின் தலைவி. யாரும் அவளைத் தலைவியாக்கவில்லை, அவளுடைய வாய்தான் ஆக்கியது. கிண்ணியாவிலிருந்து பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, பஸ் பிடித்து வருகிறவள். புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து வீட்டு அடுப்பு இவள் கையை நம்பித்தான் எரிகிறது. கையில் பழுதில்லை; பஞ்செடுப்பதில் அவளை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆளில்லை. முழங்கால்தான் வஞ்சகம் செய்யத் தொடங்கியிருந்தது. குந்தினால் எழும்ப முடியவில்லை. பக்கத்து வரிசைப் புஷ்பவதியைக் கூப்பிட்டு, தோளைப் பிடித்துத்தான் எழும்பினாள். குந்த ஏலாதவளுக்கு இங்கே என்ன வேலை என்று மனேஜர் கேட்டுவிடுவாரோ என்ற பயம் அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது. அதை அவள் வெளியே காட்டியதில்லை.

"என்ன அக்கா, நோகுதோ?" என்று புஷ்பவதி கேட்டால், "நோவு எனக்கில்ல புள்ள, காலுக்கு," என்று சிரிப்பாள்.

அந்த நேரத்தில்தான் கொழும்புக் கம்பெனி ஒரு மெசினை அனுப்பிவைத்தது. இரும்புப் பட்டி சுற்றிய பெரிய பலகைப் பெட்டிக்குள் வந்தது. இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டர் உழவு எஞ்சின். அதற்கு முன்னால் ஒரு உருளை. உருளை முழுக்கச் சின்னச் சின்ன இரும்புப் பற்கள். அது சுழன்றால் பற்கள் பஞ்சைச் சுற்றி இழுக்கும். பின்னாலுள்ள தும்புப் பிரஷ் அதைத் தட்டிச் சாக்குக்குள் விழுத்தும். பிடிக்கிற ஆள் பின்னால் நின்று, கைபிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

முதல் நாள் ஓட்டிப் பார்த்தார்கள். உருளை இடுப்பு உயரத்தில் காற்றைச் சுற்றிக்கொண்டு போனது. கீழே பருத்தி அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மனேஜர் யோகலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல மனிதர், யாரையும் நீங்கள் போட்டுத்தான் கதைப்பார். "சிரிக்காதீங்கோ," என்றார். "கொழும்பிலயிருந்து என்ஜினியர் பாக்க வாறதுக்குள்ள இது ஓடாட்டிக் கம்பெனி தோட்டத்த மூடிப்போட்டுத் தெற்குப் பக்கம் போயிரும். அங்க செடியை வெட்டச் சொல்ல ஆள் இல்லை."

சிரிப்பு நின்றது. பரீதா ஒருத்திதான் வாயைத் திறந்தாள். "ஓடினா, ஆரு சேர் பிடிச்சு ஓட்டுற?"

"ஏன், நீங்கள் பிடிக்கப் போறீங்களோ?"

"ஓம். நடந்து திரியிற வேலைதானே? நடக்க எனக்கு ஏலும்."

மனேஜர் யோசித்தார். "ஓட வைக்க உதவி செய்யுங்கோ. ஓடினா உங்களுக்குத்தான்," என்றார். பன்னிரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பரீதாவுக்கு அன்று முழுக்க முழங்கால் நோவே தெரியவில்லை.

மெசினைத் திருத்த வந்தவர் சின்னராசா. கந்தளாய்ச் சீனி ஆலையில் ஃபிட்டராக இருந்து, ஆலை மூடியதோடு வீட்டில் இருந்தவர். எஞ்சின் வேலைக்கென்று காம்பில் பாஸ் வைத்திருந்தவரும் அவர்தான். வேலை போனாலும் வாய்வீச்சு போகவில்லை. "கரும்பு மெசினையே கதைக்க வைச்சனான். இந்தப் பஞ்சு மெசின் எனக்கு என்ன பெரிய மெசினோ?" என்றபடிதான் ஸ்பானரை எடுத்தார்.

"கதைக்க வேணாம் அண்ணன். பஞ்செடுத்தாப் போதும்," என்றாள் பரீதா.

வெல்டிங்குக்கு காஸ் சிலிண்டர் கொண்டுவர சென்றியில் விடமாட்டார்கள். சின்னராசா அதற்காகத் தயங்கவில்லை. உருளையைத் தாங்கிய இரண்டு இரும்புக் கால்களைக் கழற்றித் தலைகீழாகப் பூட்டினார். பெரிய சில்லைக் கழற்றிவிட்டு, மண் தள்ளுகிற கைவண்டிச் சில்லைப் போட்டார். உருளை மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறங்கியது. பார்க்க மெசின் இவர்களைப் போலவே குந்திக்கொண்டது.

ஓட்டினார்கள். இந்த முறை பஞ்சு வந்தது, கொஞ்சம். அதோடு காய்ந்த இலை, தும்பு, மண். மண்ணில் படுத்திருந்த கொப்புகளின் மேலே உருளை ஏறிப் போய்விட்டது. எடுக்கவேண்டிய பஞ்சில் பாதிக்கு மேல் மெசின் போன தடத்திலேயே நசுங்கிக் கிடந்தது.

சின்னராசா இன்னும் பதிக்கலாமா என்று பார்த்தார். பதித்தால் பற்கள் மண்ணைக் கிண்டும். உயர்த்தினால் பஞ்சை விடும். மூன்று நாள் மல்லுக்கட்டியும் அவர் கொண்டுவந்த வாய்வீச்சு எல்லாம் தீர்ந்ததுதான் மிச்சம். என்ஜினியர் வருகிற நாள் கிட்டிக்கொண்டே இருந்தது.

பரீதா தேத்தண்ணிக் கோப்பையோடு மெசினுக்கு முன்னால் போய்க் குந்தினாள். உருளையைப் பார்த்தாள். தன் வரிசையில் எடுத்துக்கொண்டிருந்த புஷ்பவதியைப் பார்த்தாள். திரும்பவும் உருளையைப் பார்த்தாள்.

"அண்ணன், இதுக்கு ஒரு கைதான் இருக்கு," என்றாள்.

"என்ன?"

"புஷ்பவதியப் பாருங்க. வலக்கைதான் எடுக்கு. ஆனா அதுக்கு முந்தி இடக்கை அடியால போய்க் கொப்பத் தூக்கித் தருகுது. உங்கட மெசின் வலக்கையால மட்டும் எடுக்கப் பாக்குது. இடக்கை இல்லாட்டி நானும் இப்பிடித்தான் மண்ணத் தின்னுவன்."

சின்னராசா புஷ்பவதியின் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் மேலே பார்க்க விரிந்து, மண்ணோடு மண்ணாக உரசிப்போய், கொப்புக்கு அடியில் நுழைந்து, மெல்ல எழும்பின. "சரிதான்," என்றார். பெருமைக்காரராக இருந்தாலும் நல்ல யோசனையைக் கண்டால் வாய்விட்டுச் சொல்லக்கூடியவர். "சரிதான் தங்கச்சி. இதுக்குக் கை பூட்டுவம்."

முதலில் சைக்கிள் மட்கார்ட் கம்பியில் விரல் செய்து பார்த்தார்கள். இரண்டாவது செடியிலேயே வளைந்துபோனது. கொட்டிலின் மூலையில் கிடந்த இரும்புப் பட்டியைக் கண்டது பரீதாதான். மெசின் வந்த பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டி. அழுத்தினால் வளையும், விட்டால் நிமிரும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, உருளைக்கு முன்னால் பக்கத்துக்கு நாலாகப் பூட்டினார்கள். நுனி மண்ணில் குத்தியது. "தோணி மூக்கு மாதிரி மேல வளையுங்க," என்றாள் அவள். வளைத்தார். நடுவில் தண்டு சிக்கியது. "என்ட விரலை வச்சு இடைவெளி பாருங்க," என்று கையை விரித்துக் காட்டினாள். அவர் அந்த வெடித்த விரல்களின் இடைவெளியைக் குச்சியால் அளந்து, அப்படியே வைத்தார்.

அடுத்த நாள் காலை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, சின்னராசா கைபிடியை அவளிடம் கொடுத்தார். "பிடி. உன்ர கைதானே."

பரீதா முக்காட்டை இறுக்கிக்கொண்டு பிடித்தாள். மெசின் ஒருமுறை துள்ளியது. அவள் அதட்டினாள், அது அடங்கியது. பட்டிகள் மண்ணை உரசிக்கொண்டு போய், கொப்புகளுக்கு அடியில் நுழைந்து, தூக்கின. தூக்கிய உயரத்தில் உருளை சுழன்றது. பஞ்சு சரசரவென்று சாக்குக்குள் விழுந்தது. வரிசை முடிவில் திரும்பிப் பார்த்தால், பின்னால் வெறும் கோதும் இலையும்தான். பெண்கள் கூக்குரல் போட்டார்கள். சென்றியிலிருந்த ஆமிப் பொடியன்கூடத் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, "ஹொந்தாய்! ஹொந்தாய்!" என்று சிங்களத்தில் பாராட்டிக் கைதட்டினான்.

முழு வரிசையையும் அவள் நிமிர்ந்து நடந்தாள். இந்தத் தோட்டத்தில் வேலைக்கு வந்த நாளிலிருந்து, வேலை செய்துகொண்டே காட்டோரத்தையும் வானத்தையும் பார்த்தது அன்றைக்குத்தான். அவளுக்கு அழுகை வந்தது. எஞ்சின் புகை என்று சொல்லிச் சமாளித்தாள்.

என்ஜினியர் வந்த நாளில் ஓட்டிக் காட்டியவளும் அவள்தான். என்ஜினியர் சாக்குக்குள் கைவிட்டுப் பஞ்சைப் பார்த்தார், படம் எடுத்தார், பட்டிகளை அழுத்தி அழுத்திப் பார்த்தார். சின்னராசா மறைக்கவில்லை. "இடக்கை இவவின்ர யோசினை சேர்," என்றார். என்ஜினியர் பரீதாவைப் பார்த்து இரண்டு முறை தலையசைத்தார். மெசின் தேறியது. தோட்டம் மூடப்படாது. கடைசி வரிசையில் ஒரு பட்டி கல்லில் மோதி மடிந்தது. அதையும் அவர் பார்த்துவிட்டு மனேஜரிடம் ஏதோ சொன்னார்.

அன்று பஸ்ஸில் போகும்போது, "இனி நான் பொருத்தம் பாத்து நல்ல செருப்பொண்டு வாங்கோணும். நடக்கிற வேலைதானே," என்றாள் பரீதா.

"எங்களுக்கு என்ன அக்கா வேலை?" என்று புஷ்பவதி கேட்டாள்.

"சாக்குக் கட்ட வேணாமா? பஞ்சு காயப்போட வேணாமா? நான் இருக்கன், பேசாம வா."

அடுத்த கிழமை மனேஜர் அவர்களைக் கொட்டிலுக்கு முன்னால் கூட்டினார். முகத்தைப் பார்த்தே பரீதாவுக்கு விளங்கிவிட்டது.

"எஞ்சின் பிடிக்கிற ஆளின்ர பேரக் காம்பில குடுக்கவேணும். ஒரு பேர்தானாம். பாஸ் இருக்கிற ஆம்பிளையா இருக்கவேணுமாம். சின்னராசாவுக்கு இருக்கு," என்றார்.

"எனக்கும் பாஸ் கேட்டு எழுதுங்க சேர்."

"கேட்டனான் பரீதா. சத்தியமாக் கேட்டனான். சென்றிக்கு முன்னால பொம்பிளையள எஞ்சினில விட ஏலாதாம்."

"ஓட்டிக் காட்டக்குள்ள கை தட்டினவங்கதானே?"

மனேஜர் பேச்சை மாற்றினார். என்ஜினியர் சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னார். பட்டி கல்லில் பட்டால் முறியும். காய்ந்த இலை கிடந்தால் பஞ்சோடு ஏறும். ஆகவே மெசினுக்கு முன்னால் போய் வரிசையிலுள்ள கல்லையும் இலையையும் பொறுக்க ஆள் வேண்டும். அதற்கு நாலு பேர் போதும். பஞ்சு நிறுத்துக் கொடுத்த கூலி இனி இல்லை. நாட்கூலி, முந்தியதைவிடக் குறைவு. "உங்களக் கட்டாயம் வைச்சிருக்கச் சொல்லி என்ஜினியரே சொன்னவர்," என்றார், பரீதாவிடம் ஆறுதலாக.

புஷ்பவதி அந்த நாலு பேரில் இல்லை. அவளும் மற்றவர்களும் வீதிக்கு ஏறிப் பஸ்ஸுக்கு நின்றார்கள். பரீதா அவர்களோடு போய்விடத்தான் நினைத்தாள். வீட்டு அடுப்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. கூடையை எடுத்துக்கொண்டு வரிசைக்குள் இறங்கினாள்.

சின்னராசா அவளிடம் வந்து, "நான் மாட்டன் எண்டா வேற ஆரையோ விடப் போறாங்கள் தங்கச்சி. எனக்கும் வீட்டில..." என்று தொடங்கினார்.

"எனக்குத் தெரியும் அண்ணன். ஓட்டுங்க," என்றாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

கல் பொறுக்குவது பஞ்செடுப்பதைவிடக் கேவலமான வேலை. பஞ்செடுக்கும்போது தன் கைக்குத் தகுந்த வேகத்தில் நகரலாம். இங்கே வேகம் பின்னால் வந்தது. குந்தியபடியே இரண்டு கையாலும் அரித்து, கூடைக்குள் போட்டு, குந்தியபடியே தாண்டவேண்டும். எஞ்சினின் சூடு முதுகில் அடித்தது. பட்டிகள் மண்ணை உரசுகிற சத்தம் ஒவ்வொரு செடிக்கும் கிட்ட வந்தது.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி, வரிசையின் நடுவில், முழங்கால் பிடித்துக்கொண்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. பரீதா பக்கத்தில் கையை நீட்டினாள். பக்கத்து வரிசையில் யாரும் இல்லை. செடியைப் பிடித்தாள், முழங்கால் உயரச் செடி, வேரோடு அசைந்தது.

சின்னராசா கண்டுவிட்டு வேகத்தைக் குறைத்து மெசினை நகராமல் நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, உருளை சுழன்றுகொண்டிருந்தது. அவள் கையைப் பின்னால் போட்டுத் துழாவினாள். அகப்பட்டது இரும்புப் பட்டிதான். நாலு விரலாலும் அதைப் பிடித்து, பல்லைக் கடித்து, உடம்பை மேலே இழுத்தாள். பட்டி வளைந்தது, ஆனால் தாங்கியது. பாதி எழும்பி, அதைப் பிடித்தபடியே நின்று மூச்சு வாங்கினாள்.

"நிப்பாட்டாதீங்கோ சின்னராசா!" என்று வரம்பிலிருந்து மனேஜர் குரல் கொடுத்தார்.

சின்னராசா அவளுடைய முகத்தைப் பார்க்காமல் அந்தக் கையைப் பார்த்தார். "கையை எடு தங்கச்சி," என்றார். "உருளை கிட்ட நிக்குது."

அவள் எடுத்தாள். நொண்டிக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் போய், அடுத்த கல்லுக்குக் குந்தினாள். அவளுக்குப் பின்னால் பட்டிகள், அவள் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு கொப்பையும் விடாமல் தூக்கிக்கொண்டு வந்தன.