தாயை நேரில் பார்க்கலாம்

1

யோக்கியமான நாய் வளர்ப்பாளன் குட்டியை விற்கும் முன் தாயைக் காட்டுவான். அந்த முறைப்படி இந்தக் கதையின் தாயை முதலில் காட்டிவிடுகிறேன். தென்காசியில் ஒரு கால்நடை மருத்துவமனை வாசலில் ஆட்டோடு நின்றிருந்த ஆவுடைத்தாய் என்ற பெண் சொன்னது இது. கேட்டேன், எழுதுகிறேன். அவ்வளவுதான்.

(நம்பிவிட்டீர்களா? குட்டி வாங்குகிறவர்களும் இப்படித்தான் நம்புகிறார்கள்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: 'குற்றாலத்துச் சாரல் மேலகரம் வரை வந்து முகத்தில் தெளித்த அந்தக் காலையில்—'

அடித்துவிட்டேன். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு நடுவில் வளர்ந்தவனுக்குச் சாரல் என்றால் நனைந்த சாக்கு. நனைந்த சாக்கு கூடுதல் கனம்.

இரண்டாம் முயற்சி: 'பீகிள், இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக உருவான மோப்ப நாய். நீண்ட காது, வெள்ளை வால் நுனி, சாந்த குணம்.*'

இது இருக்கட்டும். மேலகரத்தில் வேட்டையாட முயல் இல்லை. வங்கி அதிகாரி ஸ்ரீமதிக்கு அது தேவையும் இல்லை. மகள் அபியின் பிறந்தநாள் படத்தில், அபியின் மடியில் காது தொங்க ஒரு நாய் உட்கார்ந்திருக்க வேண்டும். வேட்டை அவ்வளவுதான்.

* மருந்துச் சோதனைக் கூடங்களில் அதிகம் அடைக்கப்படும் நாய் இனம் இதுதான். ஊசி குத்தினாலும் அவ்வளவாகக் கடிக்காதாம். கடிக்காதவன் முதுகில் இன்னொரு மூட்டை ஏற்றிப் பார்ப்பது எந்தச் சந்தைக்கும் புதிதல்ல.

3

ஸ்ரீமதி வீட்டில் ஆவுடைத்தாய்க்கு வேலை. தன் வீட்டில் நாலு ஆடு வளர்க்கிறாள். போன மாதம் ஸ்ரீமதி வாங்கி வந்த பீகிள் குட்டி ஒன்பதாம் நாள் ரத்தக் கழிச்சலில் செத்தது. விற்றவன் மணிகண்டபிரபு, வடகரையில் தென்னந்தோப்புக்குள் கெனல் என்று நாய்ப்பண்ணை நடத்துகிறவன். ஆனால் பழி விழுந்தது ஆவுடைத்தாயின் கையில். ஆட்டைத் தொட்ட கையால் குட்டியைத் தொட்டாளாம்.

மணிகண்டபிரபு சும்மாவே மாற்றுக் குட்டி தருவதாகச் சொன்னான். சும்மா என்றதும் ஸ்ரீமதிக்கு அவன் நல்லவனாகிவிட்டான்.

"இதுவும் செத்துச்சுன்னா நீ வேற வீடு பாத்துக்கோ, ஆவுடை."

சொல்லிவிட்டு, அபியோடு கூடை தூக்க அவளையும் வடகரைக்குக் கூட்டிப் போனாள்.

4

சிமெண்டு முற்றத்தில் குளிப்பாட்டி, சீவிவிட்ட ஒரு பீகிள் கட்டியிருந்தது.

"இதான் மேடம் மதர். ரோஸி. சாம்பியன் லைன்."

ஸ்ரீமதி இணையத்திலிருந்து போனில் எடுத்துவைத்திருந்த பத்துக் கேள்விகளைக் கேட்டாள். சான்றிதழ் உண்டா? உண்டு. தடுப்பூசி? போட்டாச்சு. பத்துக்கும் பதில் வந்தது. கேள்விகளை அவனும் அதே இடத்தில்தான் படித்திருந்தான்.

ஆவுடைத்தாய் எதையும் கேட்கவில்லை. குத்தவைத்து, நாயின் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்தாள். ஆடு பிடிக்கப் போனால் முதலில் அதைத்தான் செய்வாள்.

"தம்பி, குட்டிக்கு எத்தன நாளாச்சு?"

"அம்பத்தஞ்சு நாளுக்கா."

"காம்பு ஒண்ணுகூட எறங்கலயே. குட்டியே போடாத கொமரி வயிறுல்லா இருக்கு."

"இது ஃபாரின் ஜாதிக்கா. சட்டுனு வத்திரும்."

"வத்துன மடி தெரியாதா எனக்கு? ஆட்டுச் சந்தைல இந்த வேலயக் காட்டுனா செருப்புப் பிஞ்சிரும்லே."

"ஆவுடை, நீ சும்மா கெட. சர்டிபிகேட் இருக்குல்லா" என்றாள் ஸ்ரீமதி.

தோப்புக்குள் தகரக் கொட்டகையிலிருந்து ஒரு நாய் ஊளையிட்டது. அபியின் கையில் அவன் கொடுத்திருந்த மாற்றுக் குட்டி அந்தப் பக்கம் திரும்பி முனகியது.

"அது பக்கத்துத் தோப்பு நாய் மேடம்" என்றான் மணிகண்டபிரபு, யாரும் கேட்காமலே.

5

இங்கே ஆவுடைத்தாய்மீது எனக்குச் சந்தேகம். வேலை போகும் என்று பயந்தவள் இப்படிப் பேசுவாளா? பேசாவிட்டால் ஒன்பதாம் நாள் போகும், பேசினால் இன்றே போகும். இரண்டுக்கும் நடுவில் எட்டு நாள் கூலிதான். பேசுவாள்.

சந்தேகப்பட வேண்டிய ஆள் வேறு. முதல் பகுதியில் நான் உங்களுக்குக் காட்டியதும் குளிப்பாட்டிய நாய்தான். மருத்துவமனை வாசலும் இல்லை, ஆடும் இல்லை. மணிகண்டபிரபுவின் விளம்பரத்தை எழுதிக் கொடுத்தவன் நான். 'தாயை நேரில் பார்க்கலாம்' என் வரி. எழுதும்போது எந்தத் தாயையும் நான் பார்க்கவில்லை. ஸ்ரீமதி முதல் குட்டியை வாங்கியது அதைப் படித்துத்தான்.

அன்று முற்றத்தில் நானும் நின்றேன். மாற்றுக் குட்டி கொடுக்கும் பெருந்தன்மையை வீடியோ எடுக்க அழைத்திருந்தான். ஆவுடைத்தாய் என்னைப் பார்த்தாள்.

"லோடுமேன் சுப்பண்ணன் மவன்தான நீ? நீயாச்சும் சொல்லேம்லே."

நான் அப்போது—

(இந்த வாக்கியத்தை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலிலும் நான் வாயைத் திறந்தேன். நடந்தது: போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன், வெயில் அடித்தது.)

ஸ்ரீமதி கூடையை நீட்டச் சொன்னாள். ஆவுடைத்தாய் கூடையைத் தரையில் வைத்துவிட்டு, போனுக்கு நேராக வந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே வச்சுத் தூக்கிக்கிடுங்கம்மா. எங் கை படலங்கது இவன் எடுக்குற படத்துல இருக்கட்டும்."

6

இன்று ஆறாம் நாள். அவள் காலையில் போனதும் கூடையை எட்டிப் பார்க்கிறாள், தொடுவதில்லை. குட்டி நேற்றிலிருந்து சரியாகக் குடிக்கவில்லை. கைகட்டி நின்ற இடத்தை வெட்டிவிட்டு வீடியோவை அனுப்பு என்று மணிகண்டபிரபு மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான். வெட்டவும் இல்லை, யாருக்கும் காட்டவும் இல்லை. எழுத்தாளன் அல்லவா, கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு அ: குட்டி சாகிறது. ஆவுடைத்தாயின் வேலை போகிறது.

முடிவு ஆ: குட்டி பிழைக்கிறது. ஸ்ரீமதி கெனலுக்கு ஐந்து நட்சத்திரம் போடுகிறாள், பத்துப் பேர் வடகரைக்கு வண்டி எடுக்கிறார்கள்.

உங்களுக்கு ஆ பிடித்திருக்கும், குட்டி பிழைக்கிறதே. தகரக் கொட்டகையில் ஊளையிட்டது என்ன ஆயிற்று என்று இதுவரை கேட்டீர்களா?

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், மூன்று நாள் இருக்கிறது. அதற்கு முன் வடகரைக்குப் போய்த் தாயை நேரில் பார்த்துவிடுங்கள். நான் எழுதியதை நம்பி எழுதாதீர்கள்.