சந்தனப் பொட்டு வைத்த கார்புரேட்டர்

மகாதேவன் சாரை நான் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். தாபோடியில் கந்தசாமி மாமாவின் ஒர்க்‌ஷாப்பில், பின்பக்கம் உட்கார்ந்து பெட்ரோல் தட்டில் கார்புரேட்டர் ஜெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு பழைய ஃபியட் கார் வந்து நின்றது. வெளிர்நீல வண்டி, துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

"மேட்டுல ஏற மாட்டேங்கறது கந்தசாமி. போன தசரா பழைய கார் ஊர்வலத்துல, பாஷாண் ஏத்தத்துல எல்லார் முன்னாடியும் நின்னுடுத்து. அந்தக் குல்கர்னி ஹார்ன் அடிச்சுண்டே என்னைத் தாண்டிப் போனான் பாருங்கோ, அதை நான் இன்னும் மறக்கல."

கையிலிருந்த ஜெட் தட்டில் விழுந்தது. அவருக்கும் மறக்க முடியாத விஷயங்கள் இருக்கின்றன என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

பத்தாம் வகுப்பில் என்னோடு படித்த ப்ரீத்தியின் அப்பா அவர். எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டியில் பெரிய ஆள். ஆண்டுவிழா ஒத்திகையன்று ப்ரீத்தியின் தங்கச் செயின் காணாமல் போனது. கடைசியாக டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தது யார் என்று கேட்டார்கள். நான்தான். மகாதேவன் சார் என் பையை வாங்கி, மேடையில் வைத்து, மைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே தலைகீழாகக் கொட்டினார். டிபன் பாக்ஸ் உருண்டது. பழைய துணியில் சுற்றி வைத்திருந்த நாப்கின் பையன்கள் உட்கார்ந்திருந்த பக்கமாக விழுந்தது. எவனோ விசில் அடித்தான். செயின் இல்லை. மறுநாள் அது ப்ரீத்தியின் நடன உடைக்குள்ளேயே கிடைத்ததாக டீச்சர் என் அம்மாவுக்கு போன் செய்து சொன்னார். மேடையில் யாரும் ஏறிச் சொல்லவில்லை. நான் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை.

வீட்டில் எல்லோருக்கும், மாமாவுக்கும்கூட, அந்தக் கதை தெரியும். கொட்டியவர் பெயரை மட்டும் நான் சொன்னதில்லை. அம்மா, மாமாவுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பும்போது என்னையும் அனுப்பி வைத்தாள். அப்படியே அங்கே தங்கிவிட்டேன். கார்புரேட்டரோடு யாரும் பேச வேண்டியதில்லை.

மாமா பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இஞ்சின் நல்லாத்தான் இருக்கு சார். மூச்சுதான் பத்தல. இந்தக் கார்புரேட்டருக்கு ஒரே தொண்டை. மேட்டுல மிதிச்சா காத்து போதாம முக்கும். ரெண்டு தொண்டை உள்ளது ஒண்ணு ஜீப்புல இருந்து கழட்டி வெச்சிருக்கேன். அத மாட்டிரலாம். அது உக்கார்ற மேனிஃபோல்ட் வாயப் பெருசாக்கணும். அப்புறம் பழசு திரும்ப உக்காராது, பரவாயில்லையா?"

"பழசு யாருக்கு வேணும்? தசரா காலைல நான்தான் முன்னாடி போகணும். கிளப் பிரசிடெண்ட் நான். போட்டோகிராபர் வரான்."

அவர் போகும்போது என்னைப் பார்த்தார். பார்த்தார் என்பதைவிட, என் பக்கமாகக் கண்ணை ஓட்டினார். தட்டைப் பார்ப்பது போல.

மேனிஃபோல்டை லேத்துக்காரர் வாய் பெருசாக்கித் தந்தார். அதற்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் வைக்கிற அலுமினியத் தட்டுதான் தாமதம். நாங்கள் மேனிஃபோல்டைத் திரும்ப மாட்டி, உள்ளே எதுவும் விழாமல் இருக்க வாயில் துணி அடைத்து வைத்திருந்தோம். தட்டு வந்து சேர்ந்தது ஆயுத பூஜையன்று காலையில். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் பூஜை முடியும்வரை தொடக் கூடாது. அந்த விஷயத்தில் மாமாவுக்கு உண்மையான பயம். ஆனால் அவசர வேலை என்று ஒன்று எல்லா வருஷமும் வரும்; அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார்.

"மீனு, ஒரு செட் ஸ்பேனரத் தனியா எடுத்து வெச்சிரு. பூஜைல வெக்காத. அந்தக் கார்புரேட்டரும் பெஞ்சிலயே இருக்கட்டும். பூஜைய முடிச்சிட்டு சாயங்காலம் மாட்டிரலாம். நா போயி பூசணிக்கா, பொரியெல்லாம் வாங்கிட்டு வந்துர்றேன்."

எப்போதும் பூஜைக்கு அடுக்குவது என் வேலை. ஸ்பேனர்களைக் கழுவித் துடைத்தேன். சுத்தியல், ஜாக்கி, ஃபீலர் கேஜ் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பெஞ்சில் கார்புரேட்டர் இருந்தது. நானே கழுவி, ஜெட் மாற்றி, மிதவை சரி பார்த்து வைத்தது. இரண்டு தொண்டைகளும் திறந்து கிடந்தன.

நட்டுகளை லூசாக விடலாம் என்றுகூட அதற்கு முன்னால் நினைத்திருக்கிறேன். சூடானதும் காற்று கசிந்து ஊர்வலத்தில் நின்றுவிடும். ஆனால் அப்படி நின்றால் கெட்ட பெயர் மாமாவுக்கு வரும். மகாதேவன் சார் மட்டும்தான் தலைகுனிய வேண்டும்.

கார்புரேட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பலகையின் நடுவில், லட்சுமி படத்துக்கு முன்னால் வைத்தேன். பெரிய பொட்டாக வைத்தேன். தனியாக எடுத்த செட்டையும் அதன் இரண்டு பக்கமும் அடுக்கினேன். மேலே சாமந்தியை உதிர்த்துப் போட்டேன்.

மாமா வந்து அவசரமாகக் கற்பூரம் காட்டினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். பூசணிக்காயை உடைத்தார். எதையும் எண்ணிப் பார்க்கவில்லை.

மாலையில் மகாதேவன் சார் குடும்பத்தோடு வந்தார். அவர் மனைவி சரசா மாமி பட்டுப்புடவை, ப்ரீத்தி பாவாடை தாவணி. வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கோவிலுக்குப் போவதாகத் திட்டம்.

"மீனு, அந்த செட்டு எங்க?" என்றார் மாமா.

நான் பலகையைக் காட்டினேன்.

"கார்புரேட்டர்?"

அதையும் காட்டினேன்.

மாமா பூவை விலக்கிப் பார்த்தார். "அட கடவுளே! சொல்லிட்டுத்தானடி போனேன்?"

"என்ன கந்தசாமி? எடுத்து மாட்டுங்கோ. அரை மணி வேலைதானேன்னேள்?"

"பூஜைல போயிருச்சு சார்." மாமா தலையைச் சொறிந்தார். "ஸ்பேனர் கூட பக்கத்துக் கடைல வாங்கிக்கலாம். இத எப்படி... சரி, சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு எடுத்துரலாம்."

மாமா கார்புரேட்டரை எடுக்கக் கையை நீட்டினார். ஆனால் சரசா மாமி குறுக்கே வந்தாள்.

"சிவ சிவா! பூஜைல வெச்சதையா? எடுக்கப்டாதுன்னா!"

"நீ சும்மா இரு. இது வெறும் இரும்பு."

"போன வருஷம் சங்கத்துல மைக்கைப் பிடிச்சுண்டு யாரு பேசினா? கருவிகளுக்கும் ஒரு நாள் ஓய்வு குடுக்கறது நம்ம தர்மம்னு? எல்லாரும் கை தட்டினாளே. அந்த வீடியோவ இன்னும் எல்லாருக்கும் அனுப்பிண்டிருக்கேள்."

"சரசா!"

ப்ரீத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மீனு? நீ மீனுதானே?"

"எந்த மீனு?" என்றார் அவர்.

"அப்பா... ஸ்கூல்ல... அந்தச் செயின் மேட்டர்..."

அவர் இப்போதுதான் என்னை உண்மையாகப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை. "ஓ," என்றார். "அதுக்கா?"

அந்த "அதுக்கா?" போதும், இனி அவர் என்ன சொன்னாலும் நான் தாங்கிக்கொள்ள.

"பாத்தேளா கந்தசாமி? வேணும்னே பண்ணியிருக்கா! பழி வாங்கறா! இந்தப் பொண்ணை வெச்சுண்டா நீங்க தொழில் பண்றேள்?"

மாமா என் பக்கம் திரும்பினார். "அந்தச் செயினா?"

எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"இவருதான் மாமா. என் பையக் கொட்டுனவரு."

மாமா சுத்தமாக இருந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, விலக்கிய பூவை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கார்புரேட்டர் மேல் போட்டார்.

"நாளைக்கு பூஜை முடிச்சிட்டுதான் சார் கை வெப்பேன்."

"இப்பத்தானே எடுத்துடலாம்னேள்?"

"அப்ப எனக்குத் தெரியாது."

"நாளைக்கு எத்தனை மணிக்குப் பூஜை? ஊர்வலம் காலங்கார்த்தால!"

"நல்ல நேரம் பாக்கணும். மத்தியானம் ஆகும்."

மகாதேவன் சார் அங்குமிங்கும் நடந்தார். யாருக்கோ போன் செய்யப் போய் நிறுத்தினார். கடைசியில் என் முன்னால் வந்து நின்றார்.

"சரிம்மா. அன்னிக்கு ஏதோ நடந்துடுத்து. சாரி. போறுமா? இப்ப உன் மாமாகிட்ட எடுத்துக் குடுக்கச் சொல்லு."

அவர் கண் என் மேல் இல்லை. என் தோளுக்குப் பின்னால், பலகையின் மேல் இருந்தது. அந்த சாரி கார்புரேட்டருக்குச் சொன்னது.

"வேண்டாம் சார்," என்றேன்.

"எது வேண்டாம்?"

"உங்க சாரி."

ப்ரீத்தி தலையைக் குனிந்துகொண்டாள். சரசா மாமி பலகையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க முதலில் வெளியே போனாள்.

மறுநாள் காலையில் ஊர்வலம் பார்க்க நான் ஔந்துக்கு பஸ் ஏறினேன். தனியாக அவ்வளவு தூரம் போனதில்லை. ரோட்டோரம் கூட்டம். பழைய கார்கள் சாமந்தி மாலையோடு வரிசையாக வந்தன. முதல் வண்டி கறுப்பு. ஓட்டியவர் மீசையை முறுக்கிவிட்டிருந்தார். பக்கத்தில் நின்றவர்கள் "குல்கர்னி சாப்!" என்று கத்தியதால் அவர் யார் என்று தெரிந்தது. பின் சீட்டில், ஐஸ் பெட்டிக்கும் தண்ணீர் பாட்டில் மூட்டைக்கும் நடுவில், பட்டு ஜிப்பாவோடு மகாதேவன் சார் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பிரசிடெண்ட் என்று எழுதிய பேட்ஜ் நெஞ்சில் இருந்தது.

வண்டி கூட்டத்துக்காக மெதுவானபோது குல்கர்னி திரும்பி ஏதோ கேட்டார். முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். மகாதேவன் சாரும் சிரிக்க வேண்டியிருந்தது. அப்போது என்னைப் பார்த்துவிட்டார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர்தான் ஐஸ் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குப் பாவமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒரு தட்டு ஜிலேபி வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன்.

மத்தியானம் மாமா தேங்காய் உடைத்து, வழக்கப்படி பலகையை வடக்கே நகர்த்தி பூஜையை முடித்தார். "வா, மாட்டலாம்," என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் மேனிஃபோல்டிலிருந்து துணியை உருவினேன். பேக்கிங்கை ஓரம் பிசகாமல் வெட்டி வைத்தேன். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக நானே முறுக்கினேன். வண்டி சரியில்லை என்று சொல்ல மகாதேவன் சாருக்கு ஒரு சாக்குக் கிடைக்கக் கூடாது.

வண்டியை எடுக்க அவர் வரவில்லை. டிரைவர் லூர்துசாமியை அனுப்பியிருந்தார். லூர்துசாமி சாவியைத் திருப்பினார், உடனே பிடித்தது. ஆக்சிலேட்டரைத் தொட்டதும் இஞ்சின் நெஞ்சு நிறைய காற்று இழுக்கிற சத்தம் கேட்டது.

"அடேயப்பா, என்னா இழுப்பு!" என்றார் லூர்துசாமி.

நான் வாசலில் நின்று பார்த்தேன். தசரா மத்தியானம், கடைகள் மூடிக் கிடந்தன, ரோட்டில் ஆளே இல்லை. வெளிர்நீல ஃபியட் மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஒரு முக்கல் இல்லாமல் ஏறி, உச்சியைத் தாண்டி மறைந்தது. எவ்வளவு அழகாக ஏறியது என்று மகாதேவன் சாரிடம் சொல்ல லூர்துசாமி ஒருவர்தான் இருந்தார்.