வெற்றிலை வைத்து அழைத்த ஆறு வீடுகள்

பெண்டாட்டியைப் பெருமையாகப் பேசினால் எங்கள் டிப்போவில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கடலூர் - சிதம்பரம் பஸ் ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரி மங்கலம் மாதிரி ஒரு வியாபாரியை இந்த ரூட்டில் நான் பார்த்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியின் பாத்திரம் கழுவும் லிக்விடை விற்க ஆரம்பித்தாள். கடையில் கிடைக்காத சரக்கு, ஆள் மூலமாகத்தான் விற்பார்கள். யார் வீட்டுக்குப் போனாலும், "அடிப்புடிச்ச சட்டி எதுனா இருந்தா கொண்டாங்க" என்பாள். உட்கார்ந்து தேய்ப்பாள். சட்டி பளிச்சென்று வந்தால் விலை சொல்வாள். வராவிட்டால், "இது இதுக்கு மேல போவாது" என்று எழுந்துவிடுவாள். சரக்கு நல்ல சரக்குதான், நான் பொய்யாகக் குறை சொல்ல மாட்டேன். பேங்க் படியையே மிதிக்காதவள் தன் பெயரில் கணக்கு ஆரம்பித்தாள், நாலு பேர் முன்னால் மைக் பிடித்துப் பேசக் கற்றுக்கொண்டாள். அதெல்லாம் அந்தக் கம்பெனி கொடுத்ததுதான்.

ஆனால் கம்பெனிக்கு அது போதவில்லை. இவளைச் சேர்த்துவிட்ட ஸ்ரீதர் என்பவர், வெயிலிலும் டையைக் கழற்றாத மனுஷன், ஒருநாள் வீட்டுக்கு வந்தார்.

"எவ்ளோ நாளைக்குத்தான் சட்டி தேய்ப்பீங்க மேடம்? ஆறு பேரைச் சேருங்க. அவுங்க ஆளுக்கு ஆறு பேரைச் சேப்பாங்க. நீங்க உக்காந்த எடத்துல கமிஷன் வரும்."

சேருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பெட்டி சரக்கை மொத்தமாக வாங்க வேண்டும். ஆறு பேர் சேர்ந்துவிட்டால் மங்கலத்துக்கு 'கோல்டு' பட்டம். சிதம்பரத்தில் மேடையேற்றித் தோளில் தங்க நிறப் பட்டை போடுவார்கள். அந்தப் பட்டைக்கு அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத்தான் தெரியும். அவளை நாலு பேர் பார்க்க மேடையேற்றி மாலை போட்டது கல்யாணத்தன்று ஒரே ஒரு தடவைதான்.

ஸ்ரீதர் போனில் ஆள் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். மங்கலமோ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, குங்குமச் சிமிழ் வைத்து, மஞ்சள் நீராட்டுக்கு அழைப்பது போல வீடு வீடாகப் போய் அழைத்தாள். எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டால் மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. பங்காளிச் சண்டை இருந்தாலும் தலையைக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். முதல் ஐந்து வீட்டிலும் சேர்ந்துவிட்டார்கள். என் பெண்டாட்டி பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்று நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன், மடையன்.

ஆறாவது ஆள் வினோதினி. அடுத்த தெருவில் ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். சிதம்பரம் கூட்டத்திலேயே பணம் கட்டி அவள் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு நானே ஓட்டிப்போனேன். தெற்கு வீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் மங்கலம் கவனித்தாள், வினோதினியின் காது வெறுமையாக இருந்ததை.

"கம்மல் எங்கடி?"

"அடகு வெச்சிட்டேங்க்கா. பெட்டி வாங்கணுமில்ல."

"இந்த யாவாரத்துல உனக்கு அவ்ளோ ஆசையா?"

"ஆசைலாம் ஒண்ணும் இல்லக்கா. நீங்க வெத்தல பாக்கு வெச்சுக் கூப்ட்டீங்க. எப்படி மாட்டேன்றது?"

மங்கலம் திரும்பி, பின்வரிசையில் இருந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருத்தியும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அதற்குள் மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

போனாள். ஸ்ரீதர் பட்டையை விரித்துக்கொண்டு வந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு மைக்கை வாங்கினாள்.

"நான் கடலூரு மங்கலம். சட்டி தேச்சுக் காட்டி முந்நூறு வீட்டுக்கு வித்துருக்கேன். ஒருத்தர்கிட்டயும் பொய் சொன்னதில்ல. இந்த ஆறு பேருகிட்ட மட்டும் நான் சட்டியக் காட்டல, வெத்தலத் தட்டக் காட்டினேன். எங்க தெருவுல நாப்பது வீடு. நாப்பது வீட்டுலயும் விக்க வந்துட்டா வாங்கறது யாரு சார்?"

"மேடம், இது நெகட்டிவ் பேச்சு" என்று ஸ்ரீதர் மைக்குக்குக் கை நீட்டினார்.

"பட்டைய வேற யாருக்காவது போடுங்க சார்" என்று மைக்கை அவரிடமே கொடுத்துவிட்டு இறங்கினாள். நான் எழுந்து நின்று கை தட்டினேன். ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்த கை, சத்தம் ஜாஸ்தி. எனக்கு அழுகை வந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் வினோதினியின் பணம் அடகுக் கடைக்கே திரும்பிப் போனது. மற்ற ஐந்து பெட்டியையும் மங்கலம் எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். பரங்கிப்பேட்டை, குறிஞ்சிப்பாடி வரைக்கும் அலைந்து, சட்டி தேய்த்துத் தேய்த்தே நாலு மாதத்தில் விற்று, அவரவர் பணத்தைச் சேர்த்துவிட்டாள். விரல் நகமெல்லாம் தேய்ந்துபோனது.

பிறகு அந்தத் தாம்பாளத்தை மறுபடி எடுத்தாள். எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம் அது. என்னையும் கூட்டிக்கொண்டு ஆறு வீட்டுக்கும் போய், "நான் வெச்ச வெத்தலய திரும்ப வாங்கிக்கறேன். இனிமே எனக்காக எதுக்கும் தலையாட்டாதீங்க" என்றாள். கடைசியாக வினோதினி வீடு. காதில் கம்மல் இருந்தது. கிளம்பும்போது பழக்க தோஷத்தில் மங்கலம் கேட்டுவிட்டாள்.

"லிக்விட் ஒண்ணு குடுக்கட்டுமாடி?"

"வேணாங்க்கா" என்றாள் வினோதினி, தையலிலிருந்து தலையைத் தூக்காமல். "பாதி பாட்டில் இன்னும் இருக்குது."

தெருவுக்கு வந்ததும் மங்கலம் என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா மாமா? என்கிட்டயே வேணாம்னுட்டா."

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததே இல்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள். தெருவே பார்க்க, நான் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் வந்தேன்.