ஃபுல் பவர்

...கையை மாற்ற முடியாது, சரி, வண்டியை மாற்றலாம் இல்லையா, இதுகூடத் தோன்றாமல் ஒரு டாக்டர், "தோள்பட்டை இறுகிப்போச்சு ஆன்டி, ஸ்டீரிங் பிடிக்கிறத விட்டுடுங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டே மாத்திரை எழுதுகிறார், விட்டுவிட்டு என்ன செய்வதாம், அவர் சொல்லிக்கொடுத்தபடி விரலால் சுவரில் எறும்பு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே மிச்ச ஆயுசைக் கழிப்பதா... "அக்கா, இப்ப ரைட்டு, முழுசா திருப்புங்க" என்கிறார் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் கமலநாதன், வண்டியின் முன்னால் குனிந்தபடி. திருப்புகிறேன். முன்சக்கரம் இரண்டும் ஜாக்கியின் மேல் அந்தரத்தில் நிற்கின்றன, இன்ஜின் இன்னும் போடவில்லை, நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், எண்ணெய்க் குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்று அப்போதுதான் வெளியே வருமாம். வழக்கமாக அவர் ஆள் வைத்துச் செய்கிற வேலை. நான்தான் விடவில்லை, என் வண்டியில் யாரோ உட்கார்ந்து திருப்ப, நான் பிளாஸ்டிக் நாற்காலியில் மைலோ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பேனா. பண்டமாரானில் ஏறி இறங்கிய மற்ற ஒர்க்‌ஷாப்புகளில் எல்லாம் ஒரே பாட்டு, வண்டி பழசு, அக்காவும் பழசு (இதை வாயால் சொல்லவில்லை, கண்ணால் சொன்னார்கள்), வித்துட்டு ஒரு ஆட்டோ கியர் கார் எடுத்துக்குங்க. ஆட்டோ கார்! மழை பெய்த மறுநாள் கேரித்தீவில் வாழைத் தோட்டத்துக்குள் ஆட்டோ கார் போகுமா, போனால்தான் திரும்பி வருமா, இலைக்கட்டை நான் தலையில் சுமந்துகொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளுக்கு நடந்து போகவா? நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி எனக்கு வேண்டும், வேறு பேச்சில்லை.

கமலநாதனும் முதலில் மழுப்பத்தான் பார்த்தார். டயரைச் சின்னதாக்கினால் கொஞ்சம் லேசாகுமாம், ஸ்டீரிங் வட்டத்தைப் பெரிதாக்கினால் இன்னும் கொஞ்சம் லேசாகுமாம்... கொஞ்சம், கொஞ்சம், பிறந்ததிலிருந்து எனக்கு எல்லாரும் எல்லாவற்றையும் கொஞ்சமாகத்தான் தந்திருக்கிறார்கள், இந்த வயதிலும் அதேதானா, நனைந்த பிறகு முக்காடு எதற்கு. "கொஞ்சம் கதையெல்லாம் வேணாம் தம்பி, ஃபுல் பவர் போடுங்க, ஒரு விரல்ல திரும்பணும்" என்று சொல்லிவிட்டேன். மனிதர் தலையைச் சொறிந்தார், அப்புறம் அவருக்கே ஆசை வந்துவிட்டது. ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலில் வரும் வண்டிகளை உதிரியாக விற்பார்களே, அந்த ஹாஃப்-கட் கடைகளில் அலைந்து, ஒரு பவர் ஸ்டீரிங் பெட்டியும் பம்பும் தேடிப் பிடித்தார். பெட்டி உட்கார்ந்துகொண்டது, பம்புக்குத்தான் இன்ஜினில் இடமில்லை. தானே இரும்புத் தகடு வெட்டித் தாங்கி அடித்து, இன்னொரு பெல்ட் ஓடப் புல்லி மாற்றி, மூன்று நாளில் முடித்துவிட்டார், கெட்டிக்காரர்தான், முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது. மூன்று நாளும் நான் இலை ஏற்றவில்லை. ஒன்பது வருடத்தில் இது முதல் தடவை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒவ்வொரு சாப்பாட்டுக் கடைக்கும் போன் போட்டேன், "ஏன் ஆன்டி, உடம்பு சரியில்லையா" என்றார்கள், எனக்கு ஒரு கேடும் இல்லை, வண்டிக்குத்தான் ஆபரேஷன் என்றேன்.

"இப்ப லெஃப்டு... மெதுவாக்கா, மெதுவா..." மெதுவாகத்தான் வருகிறேன், தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி இருக்கிறது, அதை இவரிடம் சொல்வேனா. சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே இப்படியென்றால் தரையில் எப்படி இருந்திருக்கும், பின்சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது முழங்காலை முட்டுக்கொடுத்து, வயிற்றால் தள்ளி, பல்லைக் கடித்து... என் வீட்டுக்காரர் ஓட்டிய காலத்தில் எனக்கு இது தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து இலைக்கட்டு சரிகிறதா என்று பின்னால் பார்த்துக்கொண்டே வருவேன். வேலாயுதம் ஸ்டீரிங் கனம் என்று ஒருநாளும் சொன்னதில்லை, நெஞ்சு வலிக்கிறது என்றுகூடச் சொல்லாமல் போய்ச் சேர்ந்த மனிதர். கருமாதி முடிந்த மறுநாளே அவர் தம்பி சபாபதி பூச்சோங்கிலிருந்து வந்தார், புதுச்சட்டை போட்டுக்கொண்டு. "அண்ணி, பொம்பளைக்கு எதுக்கு ஃபோர்-வீல், நான் எடுத்துக்கிறேன், உங்கள பாத்துக்க மாட்டேனா" என்று சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். ஆமாம், கொடுத்தேன், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஏறி உட்கார்ந்தார், திருப்பினார், திருப்பினார், கேட்டுக்கு வெளியே வளைக்க முடியாமல் தூணில் ஒரு இடி, அதை எடுக்கப் போய்ப் பின்சக்கரம் வாசல் லோங்காங்கில், சாக்கடைக்குள், இறங்கிவிட்டது. வேர்த்து விறுவிறுத்து, "இது மனுசன் ஓட்டுற வண்டியா" என்று சாவியை என் பக்கம் வீசிவிட்டு நடந்தார், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த வாரமே நான் எடுத்தேன். முதல் மாதம் கை வீங்கிப் பல் துலக்க முடியாது, சோற்றைக் கரண்டியால் தின்றேன். இரண்டாவது மாதம் கேரித்தீவுச் சேற்றிலிருந்து ஒருத்தியாக வெளியே வந்தேன். அதற்குப் பிறகு யாரும் சாவி கேட்டதில்லை. நான் கேட்க விட்டதில்லை, அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இன்ஜினைப் போடச் சொல்கிறார், போடுகிறேன், மறுபடியும் இடது, மறுபடியும் வலது, கோடியில் பிடித்து வைக்காதீங்க பம்ப் கத்தும் என்கிறார், கத்துகிறது, விடுகிறேன். எண்ணெய்ப் புட்டிக்குள் எட்டிப் பார்த்து, நுரை நின்னுடுச்சு என்று கட்டைவிரலைக் காட்டுகிறார். ஜாக்கி இறங்குகிறது, சக்கரம் சிமெண்டைத் தொடுகிறது, முழு வண்டியின் கனமும் இப்போது அதன் மேல். "திருப்புங்கக்கா." பழக்க தோஷம், முழங்காலைத் தூக்கிவிட்டேன், பல்லையும் கடித்துவிட்டேன்... ஐயோ. தேவையே இல்லை. கை வைத்ததும் போகிறது. வலது கையை மடியில் போட்டுக்கொண்டு இடதுகையின் ஒற்றை விரலால் திருப்புகிறேன், போகிறது, திரும்ப வருகிறது, எனக்குச் சிரிப்பு பொங்குகிறது, சத்தமாகவே சிரிக்கிறேன், கமலநாதனும் சிரிக்கிறார். டாக்டரை இங்கே கூப்பிட்டு வந்து காட்ட வேண்டும், பாரய்யா, இன்னும் பத்து வருடம் ஓட்டுவேன், பஞ்சவர்ணம் ஓட்டுவாள்.

"மா." ஜன்னலோரம் பிரவின் நிற்கிறான், என் மகன், போர்ட் கிள்ளான் கிடங்கில் ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருக்கிறான், ஹெல்மெட்டில் முடி படிந்து, கண் சிவந்து. கையை உள்ளே விட்டு ஸ்டீரிங்கை ஒரு விரலால் சுற்றிப் பார்க்கிறான். "அம்மாடி! மா, இத இப்ப நானே ஓட்டலாம் போலயே." கமலநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை, "யாரு வேணும்னாலும் ஓட்டலாம் தம்பி, உங்க வைஃப் மாதவிகூட ஓட்டலாம்லா." பிரவின் தலையாட்டுகிறான், பிறகு, ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததை எடுத்து வைப்பது போல, "நாளையிலருந்து இலைய நான் எடுக்கிறேன் மா, மத்தியான ஷிப்டு கேட்டேன், ஓகேன்னுட்டாங்க, நீங்க கைய பாத்துக்குங்க. முன்னயே கேக்கணும்னுதான் இருந்தேன், இந்த எருமைய என்னால திருப்ப முடியலயே" என்கிறான். கதவைத் திறக்கிறான். "தள்ளி உக்காருங்க மா, வீட்டுக்கு நான் ஓட்றேன்."

முன்னயே கேட்க இருந்தானாமே... அப்படியென்றால் இவன் கேட்காமல் இருந்தது என்னைப் பார்த்துப் பயந்து இல்லையா? சபாபதி போனது? நானா விரட்டினேன், நான் சாவியை எடுத்து நீட்டியவள் ஆயிற்றே, தரமாட்டேன் என்று அவரிடம் சொன்னது அந்தப் பழைய ஸ்டீரிங், ஒன்பது வருடமாக எனக்காக அதுதான் சொல்லிக்கொண்டிருந்தது, அதைத்தான் நானே ஆள் வைத்துக் கழற்றியிருக்கிறேன், ஃபுல்லாக. கேட்பவன் கெட்டவனாக இருந்தாலாவது வசதி. இவன் நல்லவன், தூக்கத்தை விட்டு வந்து நிற்கிறவன், இவனிடம் என்ன சொல்வேன், கேரித்தீவு ரோடு மோசம், கடைக்காரர்களுக்கு என்னைத்தான் தெரியும், பின்சந்தில் நிறுத்த உனக்குப் பழக்கமில்லை... எல்லாம் சாக்கு, ஒவ்வொன்றுக்கும் அவனிடம் பதில் இருக்கும். எனக்கு ஓட்டப் பிடிக்கிறது. அவ்வளவுதான். விடியும்போது ஃபெடரல் ஹைவேயில் இலை வாசத்தோடு தனியாகப் போகப் பிடிக்கிறது, இதை நான் யாரிடம் சொல்லியிருக்கிறேன், வேலாயுதத்திடம்கூட நான் ஒருநாள் ஓட்டட்டுமா என்று கேட்டதில்லையே. பிரவின் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான், கமலநாதன் துணியில் கையைத் துடைத்தபடி என்னையே பார்க்கிறார். "மாட்டேன்" என்கிறேன். என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. "ஏன் மா?" என்கிறான், கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறான், நான் இன்ஜினை அணைக்காமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஏன் என்று ஒன்று இருந்தே ஆக வேண்டுமா...